வலிப்பு மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும்: நாய் வளர்ப்போர் கேட்டவை

வலிப்பு உள்ள நாயை வைத்திருப்பவர்களிடமிருந்து இந்த மாதம் நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. பாதிக்கு மேல் ரத்தப் பரிசோதனை பற்றியவை. அவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் லாப்ரடாருக்கு மூன்றரை வயது. வலிப்பு வந்ததும் டாக்டர் ஃபீனோபார்பிட்டால் ஆரம்பித்தார். அதன் பிறகு வலிப்பே இல்லை, நன்றாக இருக்கிறான். இருந்தும் இரண்டு வாரத்தில் ரத்தம் எடுக்க வேண்டும் என்கிறார். எதற்கு? (கோவை வாசகர்)

வலிப்பு வராமல் இருப்பது நல்ல செய்திதான். ஆனால் மருந்தால் நின்றதா, அல்லது அடுத்தது வர இன்னும் நாள் இருக்கிறதா என்று இரண்டு வாரத்தில் யாராலும் சொல்ல முடியாது. நிறைய நாய்களுக்கு மாதம் ஒரு முறைதான் வரும்.

ஒரே எடையுள்ள இரண்டு நாய்களுக்கு ஒரே மாத்திரையைக் கொடுத்தாலும் ரத்தத்தில் சேரும் அளவு ஒன்றாக இருக்காது. ஒன்றின் கல்லீரல் மருந்தை வேகமாக வெளியேற்றும், இன்னொன்றினுடையது மெதுவாக. எடையைப் பார்த்துப் போடும் டோஸ் ஒரு தொடக்கம் மட்டுமே. இரண்டு வேளையும் கொடுக்கக் கொடுக்க மருந்து உடம்பில் சேர்ந்து, 10 முதல் 14 நாளில் ஒரு நிலைக்கு வந்து நிற்கும். அதற்கு முன்னால் எடுத்தால் குறைவாகத்தான் காட்டும். அதனால்தான் இரண்டு வாரம்.

லேப்கள் பொதுவாக மில்லிலிட்டருக்கு 15 முதல் 40 அல்லது 45 மைக்ரோகிராம் வரை சரியான அளவு என்று அச்சிடும். நாய், பூனை வலிப்புக்கான சர்வதேச நிபுணர் குழு 2015-ல் வெளியிட்ட பரிந்துரையில், பெரும்பாலான நாய்களுக்கு 25 முதல் 30 வரை வைத்துக்கொள்வது நல்லது என்றும், 35-ஐத் தாண்டினால் கல்லீரலுக்கு ஆபத்து கூடும் என்றும் சொல்லியிருக்கிறது. நானும் அப்படித்தான் பார்க்கிறேன். 15-க்கும் 45-க்கும் நடுவில் இருந்துவிட்டாலே போதும் என்று 42-ஐப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்க எனக்கு மனம் வராது.

உங்கள் நாய்க்கு 18 வந்து, வலிப்பும் இல்லையென்றால் அதுவே போதும். 25 ஆக்க வேண்டும் என்று யாரும் மாத்திரையைக் கூட்ட வேண்டியதில்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து ஒரு ராத்திரி வலிப்பு வந்துவிட்டால், அது 18-ல் வந்ததா, 33-ல் வந்ததா என்பதை வைத்துத்தான் அடுத்த முடிவு. 18 என்றால் கூட்ட இடம் இருக்கிறது. 33 என்றால் இதையே கூட்டாமல் இரண்டாவது மருந்தை யோசிக்க வேண்டும். அன்றைக்கு ஒப்பிட்டுப் பார்க்க இன்றைய ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும்.

ரத்தம் எடுக்க வேண்டியது இரண்டாவது வாரம், ஆறாவது வாரம், பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை. டோஸை மாற்றினால் மறுபடி இரண்டு வாரம் கழித்து. வலிப்பு கூடினாலோ, நாய் போதை ஏறியது போலத் தள்ளாடினாலோ உடனே.

மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் ரத்தம் எடுக்க வேண்டுமா, பின்னாலா? (திருச்சி வாசகி)

காலை மாத்திரைக்கு முன்னால், வெறும் வயிற்றில் எடுப்பது வசதி. பெரும்பாலான நாய்களுக்கு நேரத்தால் பெரிய வித்தியாசம் வருவதில்லை. ஆனால் ஒரு முறை காலை, அடுத்த முறை சாயங்காலம் என்று மாற்றாதீர்கள். எப்போது எடுத்தாலும் அதே நேரத்தில் எடுத்தால்தான் பழைய எண்ணோடு ஒப்பிட முடியும். கடைசி மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று. மஞ்சள் மூடி போட்ட டியூப்பின் அடியில் கண்ணாடி மாதிரி ஜெல் இருக்கும். அந்த ஜெல் ஃபீனோபார்பிட்டாலில் கொஞ்சத்தை இழுத்துக்கொள்ளலாம், எண் குறைவாக வரும். ஜெல் இல்லாத சிவப்பு மூடி டியூப்பில் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ரத்தம் எடுப்பவர் தப்பாக நினைக்க மாட்டார்.

மருந்து அளவு 24. ஆனால் ஏ.எல்.பி. 480 என்று சிவப்பில் போட்டிருக்கிறது. கல்லீரல் போய்விட்டது, மாத்திரையை நிறுத்துங்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். இரண்டு நாளாக எனக்குத் தூக்கமில்லை. (மதுரை வாசகி)

முதலில் ஒன்று: மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஃபீனோபார்பிட்டாலைச் சட்டென்று நிறுத்தினால் முன்பைவிட மோசமான வலிப்பு தொடர்ந்து வரலாம். அதில் உயிரே போகலாம்.

ஏ.எல்.பி. என்பது ஒரு நொதி. இந்த மருந்து சாப்பிடும் நாய்களுக்கு அது ஏறுவது சர்வ சாதாரணம். மருந்து கல்லீரலைத் தூண்டுவதால் அந்த நொதி அதிகமாக உருவாகிறது. அது மட்டும் ஏறியிருந்தால் கல்லீரல் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. மனிதர்களுக்கான லேபில் பார்த்திருந்தால், சிவப்பு எழுத்து மனித அளவோடு ஒப்பிட்டு வந்ததாகவும் இருக்கலாம்.

கல்லீரல் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள நான் வேறு வரிகளைப் பார்ப்பேன். ஆல்புமின் குறைகிறதா, பிலிருபின் ஏறுகிறதா, ஏ.எல்.டி. என்ற இன்னொரு கல்லீரல் நொதியும் பல மடங்கு ஏறியிருக்கிறதா. சந்தேகம் இருந்தால் பித்த அமிலப் பரிசோதனை செய்யச் சொல்வேன். வெறும் வயிற்றில் ஒரு முறையும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும் ரத்தம் எடுப்பார்கள். மருந்தின் தூண்டுதல் அந்த முடிவைக் குழப்பாது.

ரிப்போர்ட்டைவிட முன்னாலேயே உங்களுக்கு நாய் சொல்லிவிடும். இந்த மாத்திரை சாப்பிடும் நாய்க்கு எப்போதும் அகோரப் பசி இருக்கும், தட்டை நக்கி நக்கி நகர்த்திக்கொண்டே போகும். அப்படிப்பட்ட நாய் ஒரு நாள் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். கூடவே வாந்தி, ஈறும் கண்ணும் மஞ்சளாவது, வயிறு உப்புவது ஏதாவது இருந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள்.

அப்புறம், இதே ரிப்போர்ட்டில் டி4 என்ற தைராய்டு ஹார்மோன் குறைவாக இருந்தால் அதற்கும் பயப்பட வேண்டாம். இந்த மருந்து அந்த எண்ணைக் குறைத்துக் காட்டும். அதை மட்டும் வைத்துத் தைராய்டு மாத்திரை ஆரம்பிக்கக் கூடாது. முதல் ஆறு மாதத்தில் ரத்த அணுக்களின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். அபூர்வமாகச் சில நாய்களுக்கு வெள்ளணுவும் தட்டணுவும் சரிந்துவிடும். அப்படிச் சரிந்தால் மருந்தையே மாற்ற வேண்டிவரும்.

இரண்டு வருடமாக ஒரே டோஸ், ஒரு வேளைகூடத் தவறியதில்லை. அளவு 28-லிருந்து 19-க்கு இறங்கிவிட்டது. கடையில் போலி மாத்திரை கொடுக்கிறார்களா? (சேலம் வாசகர்)

கடைக்காரரைச் சந்தேகிக்கும் முன் கல்லீரலைப் பார்ப்போம். இந்த மருந்தைச் சிதைக்கும் நொதிகளை இந்த மருந்தே கல்லீரலில் அதிகமாக்கும். மாதங்கள் போகப் போக அதே மாத்திரை முன்பைவிடச் சீக்கிரம் வெளியேறிவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்கச் சொல்வதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

எடையையும் பாருங்கள். பசி தாங்காமல் கேட்கிறதே என்று கூடுதலாகப் போட்டு, 24 கிலோ நாய் 31 கிலோ ஆகியிருந்தால் பழைய டோஸ் இந்த உடம்புக்குக் காணாது. 60 மி.கி. இல்லையென்று கடையில் 30 மி.கி. அட்டை கொடுத்து, அதைக் கவனிக்காமல் ஒன்றே கொடுத்து வந்த வீடுகளையும் பார்த்திருக்கிறேன். அட்டையைத் திருப்பிப் படியுங்கள்.

மாத்திரை உண்மையில் வயிற்றுக்குள் போகிறதா என்பதும் உண்டு. என்னிடம் வந்த ஒரு ஸ்பிட்ஸுக்கு அளவு 9 என்று வந்தது. ஒரு வேளையும் விடவில்லை என்று அந்த அம்மா அழாத குறையாகச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்த் தேடிப் பாருங்கள் என்று அனுப்பினேன். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஆறு மாத்திரைகள் கிடந்தன, ஓரம் கரைந்து, தூசியும் வெள்ளை முடியும் ஒட்டி. இட்லித் துண்டுக்குள் வைத்துக் கொடுத்ததில், இட்லியை மட்டும் விழுங்கிவிட்டு மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி அங்கே போய்த் துப்பியிருக்கிறது. மாத்திரையை நாக்கின் பின்பகுதியில் வைத்து வாயை மூடிப் பிடித்து, தொண்டையைத் தடவி, விழுங்கிய பிறகு இட்லி கொடுக்கப் பழகினார். மூன்று வாரத்தில் எண் 23.

டோஸை நீங்களாக ஏற்ற வேண்டாம். வலிப்பு இல்லாமல் இருந்தால் 19-லேயே விட்டுவிடச் சொன்னாலும் சொல்வார்கள்.

எங்கள் பீகிளுக்குப் பொட்டாசியம் புரோமைடும் சேர்த்துக் கொடுக்கிறோம். இதற்கும் இரண்டு வாரத்தில் பார்க்கலாமா? (லண்டன் வாசகி)

இது ஆமை வேகத்தில் ஏறும் மருந்து. நாய் உடம்பில் பாதி வெளியேறவே ஏறத்தாழ 24 நாள் ஆகும். முழு அளவுக்கு வர மூன்று மாதம். அதனால் மூன்றாவது மாத ரிப்போர்ட்டைத்தான் நம்ப வேண்டும். ஃபீனோபார்பிட்டாலோடு சேர்த்துக் கொடுத்தால் லிட்டருக்கு 1000 முதல் 2000 மி.கி., தனியாகக் கொடுத்தால் 2000 முதல் 3000 மி.கி. என்று வைத்துக்கொள்வார்கள்.

உப்பில் கவனம் வேண்டும். உப்பு கூடினால் சிறுநீரகம் புரோமைடை வெளியே தள்ளிவிடும், அளவு இறங்கும். விருந்தாளி வந்தால் அப்பளம், ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுத் தலை என்பதெல்லாம் இந்த நாய்க்கு வேண்டாம். திடீரென்று உப்பே இல்லாத உணவுக்கு மாற்றினாலும் அளவு ஏறி மயங்கிக் கிடக்கும். தினமும் ஒரே மாதிரி உணவு போதும். ரிப்போர்ட்டில் குளோரைடு மிக அதிகமாகத் தெரிந்தால் பதற வேண்டாம். பல இயந்திரங்கள் புரோமைடையே குளோரைடு என்று எண்ணிவிடும்.

லெவெடிராசிட்டம் கொடுக்கிறோம். இதற்கும் அளவு பார்க்க வேண்டுமா? (புதுச்சேரி வாசகர்)

வழக்கமாகத் தேவையில்லை. சில மணி நேரத்தில் வெளியேறிவிடும் மருந்து இது. சாதா மாத்திரையை எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தவறாமல் கொடுப்பதுதான் முக்கியம். ஃபீனோபார்பிட்டாலும் சேர்ந்து ஓடினால் இன்னும் சீக்கிரம் வெளியேறும், டோஸ் கூட்ட வேண்டிவரலாம்.

இரண்டு வருடமாக ஒரு வலிப்புகூட இல்லை. மாத்திரையை விட்டுவிடலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

முயன்று பார்க்கலாம், டாக்டரோடு சேர்ந்து. மாதம் 20 சதவீதத்துக்கு மேல் குறைக்காமல், ஆறு மாதமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டு இறக்குவார்கள். தொடங்கும் முன் ஒரு முறை ரத்தத்தில் அளவு பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வலிப்பு திரும்பினால் எந்த அளவுக்குப் போக வேண்டும் என்று தெரியும். ஆனால் ஒன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன்: திரும்பி வந்த வலிப்பு சில நாய்களில் பழைய டோஸுக்கு அடங்குவதில்லை. முன்பு கொத்தாக, ஒரே நாளில் இரண்டு மூன்று முறை வந்த நாய் என்றால் நான் குறைக்கச் சொல்ல மாட்டேன்.

குறைப்பதாக முடிவு செய்தால், ஆசனவாய் வழியாகச் செலுத்தும் டயஸெபாமை டாக்டரிடம் கேட்டு முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் வலிப்பு நிற்காவிட்டால் அது வீட்டில் இருக்க வேண்டும். பட்டாசுச் சத்தத்துக்கு உங்கள் நாய் நடுங்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். தீபாவளி முடியட்டும், அதன் பிறகு முதல் கால் மாத்திரையைக் குறைக்கலாம்.