மொட்டையடித்த புல்தரை மறுபடி பச்சையாகுமா? கேள்வி பதில்

புல்தரையை ஒட்ட வெட்டிவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பவர்கள் இத்தனை பேரா என்று இந்த வாரக் கேள்விகளைப் பார்த்ததும் தோன்றியது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். முதன்முதலாக மோவர் வாங்கிய அன்றே உயரத்தைச் சரிபார்க்காமல் ஓட்டி, பாதித் தரையை வைக்கோல் ஆக்கினேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, மூன்று வாரம் வெளியூரில் இருந்துவிட்டு வந்தேன். புல் கணுக்காலைத் தாண்டி நின்றது. திரும்பத் திரும்ப வெட்ட வேண்டாமே என்று மோவரை அடிமட்டத்துக்கு இறக்கி ஒரே ஓட்டாக ஓட்டிவிட்டேன். இப்போது எல்லாம் மஞ்சள். செத்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. உயரமாக வளர்ந்த புல்லில் மேல்பாதிதான் பச்சை. அடியில் வெயில் படாத தண்டு முன்பிருந்தே வெளிறித்தான் கிடந்தது, மேலே இருந்த பச்சை அதை மறைத்திருந்தது. நீங்கள் பார்க்கும் மஞ்சளில் பாதி அதுதான்.

ஆனாலும் சோதித்துப் பாருங்கள். ஒரு கொத்தைப் பிடித்து லேசாக இழுங்கள். வேர் பிடித்துக்கொண்டு எதிர்த்தால் நல்ல செய்தி. அப்புறம் ஒரு தண்டை மண்ணை ஒட்டிய இடத்தில் நகத்தால் கீறிப் பாருங்கள். வேரும் தண்டும் சேரும் அந்த அடிக்குருத்து வெள்ளையாக, ஈரமாக, கொஞ்சம் விறைப்பாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகி நொறுங்கினாலோ கொழகொழவென்று இருந்தாலோ அந்தக் கொத்து போய்விட்டது. நாலைந்து இடத்தில் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். ஒரு இடத்தைப் பார்த்துவிட்டு மண்வெட்டியைத் தூக்காதீர்கள்.

உடனே யூரியா போட்டால் சீக்கிரம் பச்சையாகுமா?

வேண்டாம். இந்தக் கேள்வி ஏழு பேரிடமிருந்து வந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புல்லுக்கு இலைதான் அடுப்படி. அதை மொத்தமாகச் சீவிவிட்டால், அடிக்குருத்திலும் வேரிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்தை எடுத்துத்தான் புது இலை விட வேண்டும். வேர் தன் வளர்ச்சியை நிறுத்திவிட்டு அதற்கு வழிவிடும். அமெரிக்க வேளாண் துறையில் இருந்த ஃபிராங்க்ளின் கிரைடர் இதைப் புல் வகைகளில் அளந்து பார்த்து 1955-இல் வெளியிட்டார். ஒரே தடவையில் 80 சதவீத இலையை வெட்டியபோது வேர் வளர்ச்சி 12 நாள் நின்றது, 90 சதவீதம் வெட்டியபோது 17 நாள். அதாவது நீங்கள் மேலே மஞ்சளைப் பார்த்துக் கவலைப்படும் அதே நாட்களில், கண்ணுக்குத் தெரியாமல் கீழே வேரும் படுத்துக் கிடக்கிறது.

அந்த நேரத்தில் யூரியா போட்டால் இரண்டு கெடுதல். ஒன்று, வெந்துபோய் நிற்கும் புல்லை உப்புச் சூடு இன்னும் சுடும். இரண்டாவது, நைட்ரஜன் இலையை மட்டும் துரத்தி வளரவைக்கும், மிச்சமிருக்கும் சேமிப்பும் காலியாகும். புது இலை தரை முழுக்கத் தெரிந்து, நீங்கள் ஒரு முறை வெட்டும் அளவுக்கு வளரட்டும். அதன் பிறகு மெதுவாகக் கரையும் உரத்தைப் பையில் எழுதியிருப்பதில் பாதி அளவு போட்டுத் தண்ணீர் விடுங்கள். நன்கு மட்கிய உரத்தை மெல்லிசாகத் தூவினாலும் போதும்.

தண்ணீர் எவ்வளவு? தினமும் விடவா?

வாரத்துக்கு மொத்தம் 25 மில்லிமீட்டர் அளவு என்பது பொதுவான கணக்கு. ஒரு சதுர மீட்டருக்கு 25 லிட்டர். மழை பெய்தால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். தெளிப்பானுக்கு அடியில் ஒரு காலி டப்பாவை வைத்தால் எத்தனை நிமிடத்தில் எவ்வளவு சேர்கிறது என்று தெரிந்துவிடும்.

மொட்டையான தரையில் மண்ணுக்கு நிழல் இல்லை, சீக்கிரம் காயும். அதனால் முதல் இரண்டு வாரம் அந்த அளவை இரண்டு அல்லது மூன்று நாளுக்கு ஒரு முறை என்று பிரித்து, விடியற்காலையில் விடுங்கள். நல்ல வெயில் காலமானால் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டியிருக்கும். விட்ட பிறகு ஒரு ஸ்க்ரூடிரைவரை மண்ணில் குத்துங்கள். 10 சென்டிமீட்டர் வரை சிரமமில்லாமல் இறங்கினால் தண்ணீர் போய்ச் சேர்ந்திருக்கிறது. மாலையில் விட்டு இரவெல்லாம் ஈரம் நிற்கவிட்டால் பூஞ்சணத்துக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி.

எங்கள் வீட்டில் அருகம்புல். பக்கத்து வீட்டில் வேறு ஏதோ புல். இரண்டு வீட்டிலும் ஒரே ஆள்தான் ஒட்ட வெட்டினார். எங்களுடையது பத்தே நாளில் தளிர்த்துவிட்டது, அவர்களுடையது அப்படியே கிடக்கிறது. ஏன்?

அருகுபோல் வேரூன்றி என்று வாழ்த்துவது சும்மாவா? அருகுக்கு மண்ணுக்கு மேலே ஓடுதண்டு, மண்ணுக்குள்ளே இன்னொரு தண்டு என்று இரட்டைப் பாதுகாப்பு. மேலே எவ்வளவு சீவினாலும் உள்ளே இருக்கும் கணுக்களிலிருந்து கிளம்பி வரும். வெளிநாட்டில் பெர்முடா புல் என்று பெயர் சொல்லி விளையாட்டுத் திடல்களில் வளர்ப்பதும் இதே இனம்தான். வளரும் பருவம் தொடங்கும்போது வேண்டுமென்றே இதை ஒட்ட வெட்டிப் பழைய சருகை எடுப்பவர்களும் உண்டு.

மற்ற புற்களுக்கு இந்த அளவு கொடுப்பினை இல்லை. சோய்சியாவும் இரட்டைத் தண்டுப் புல்தான், ஆனால் ஆமை வேகம். அகல இலை உள்ள செயின்ட் அகஸ்டின் புல்லுக்கு ஓடுதண்டு மேலே மட்டும்தான், மோவர் அதையே நறுக்கிவிட்டால் கஷ்டம். குளிர்ப் பகுதிகளில் வளரும் கென்டக்கி புளூகிராஸ் மண்ணுக்குள் பரவி ஓரளவு தானே மூடிக்கொள்ளும். ரை புல்லும் டால் ஃபெஸ்க்யூவும் கொத்துக் கொத்தாக வளர்பவை. ஒரு கொத்து செத்தால் அந்த இடம் வழுக்கைதான், விதை போட்டாக வேண்டும்.

பக்கத்து வீட்டில் அடிக்குருத்தைக் கீறிப் பார்க்கச் சொல்லுங்கள். வெட்டுபவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

ஒட்ட வெட்டினால் அடிக்கடி வெட்ட வேண்டாம் என்கிறார் என் கணவர். சரிதானே?

இல்லை. களை வளரும், அதையும் சேர்த்து வெட்ட வேண்டியிருக்கும்.

தரை முழுக்க நன்றாக இருக்கிறது. சில இடங்களில் மட்டும் பிறை பிறையாக மண் தெரிகிறது. ஒவ்வொரு முறையும் அதே இடங்கள்.

இது உயரக் கோளாறு இல்லை, மேடு பள்ளம். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது பிளேடு பக்கத்து மேட்டைச் சுரண்டிவிடுகிறது. வேறு திசையில் ஓட்டிப் பாருங்கள், பாதி சரியாகிவிடும். பள்ளத்தை நிரப்ப, அங்கே இருக்கும் அதே மாதிரி மண்ணோடு மட்கிய உரத்தைக் கலந்து, ஒரு தடவைக்கு 1 சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் பரப்புங்கள். இலை நுனிகள் வெளியே தெரிய வேண்டும். புல் மேலே வந்ததும் அடுத்த தடவை. ஆனால் மொட்டையான இடம் தளிர்த்த பிறகுதான் இந்த வேலை.

இடைவெளியில் களை முளைக்கிறது. மருந்து அடிக்கலாமா?

கையால் பிடுங்குங்கள். மண்ணில் வெயில் பட்டதும் தூங்கிக் கிடந்த களை விதைகள் விழித்துக்கொள்ளும், அது எதிர்பார்த்ததுதான். அடிபட்ட புல் களைக்கொல்லியைத் தாங்காது. விதை போடும் எண்ணம் இருந்தால் களை முளைக்காமல் தடுக்கும் மருந்துகளும் ஆகாது, அவற்றில் பல புல் விதையையும் முளைக்கவிடாது.

அடுத்த வெட்டு எப்போது? எந்த உயரம்?

நாள் கணக்கு பார்க்காதீர்கள், உயரத்தைப் பாருங்கள். ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. 6 சென்டிமீட்டரில் வைத்திருக்க வேண்டுமென்றால் 9 ஆகும்போது வெட்டுங்கள். அருகும் சோய்சியாவும் 2.5 முதல் 5 சென்டிமீட்டர் வரை போதும். செயின்ட் அகஸ்டினுக்கும் டால் ஃபெஸ்க்யூவுக்கும் 7 முதல் 10. நிழலான இடத்தில் எதுவானாலும் கொஞ்சம் உயர்த்தியே வையுங்கள்.

மோவரின் நெம்புகோலில் இருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். பலவற்றில் அது வெறும் படி எண்தான். சமமான சிமென்ட் தரையில் நிறுத்தி, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு (மின்சார மோவரானால் பிளக்கை, பேட்டரி மோவரானால் பேட்டரியை), தரையிலிருந்து பிளேடின் விளிம்புவரை ஸ்கேலால் அளந்து பாருங்கள். என்னுடையதில் 3 என்று இருந்ததை நான் அங்குலம் என்று நினைத்தேன். அளந்தால் 3 சென்டிமீட்டர்கூட இல்லை. அன்று நடந்ததைத்தான் மேலே சொன்னேனே.

வெட்டிய நுனிகள் மறுநாள் வெளுத்து, நார் நாராகத் தெரிந்தால் பிளேடு மழுங்கிவிட்டது, சாணை பிடியுங்கள்.

ஒரு மாதம் ஆகிவிட்டது. எல்லாம் வந்துவிட்டது, உள்ளங்கை அகலத்தில் சில வழுக்கைகள் மட்டும்.

பரவும் புல்லானால் ஓரத்தில் அடர்த்தியாக இருக்கும் இடத்திலிருந்து இரண்டு மூன்று கணு உள்ள தண்டை எடுத்து நட்டு, மிதித்து அழுத்தி, ஈரம் காயாமல் பாருங்கள். கொத்துப் புல்லானால் மண்ணை முள்வாரியால் கீறி, அதே ரக விதையைத் தூவி, விதை மறையும் அளவுக்கு மட்டும் மண் போடுங்கள். முளைக்கும்வரை ஒரு நாளைக்கு இரண்டு தடவை லேசான தெளிப்பு. விடியற்காலையில் நிறைய விடச் சொன்ன கணக்கு விதைக்குப் பொருந்தாது.

வீட்டில் விசேஷம் வருகிறது அக்கா, பச்சைச் சாயம் அடித்துவிடலாமா?

புல்லுக்கென்றே விற்கும் சாயமானால் அடிக்கலாம், கெடுதல் இல்லை. நன்றாகக் காயும்வரை யாரையும் அதில் உட்காரவிடாதீர்கள்.