உரம் இருந்தும் விளையாத கடல்

அன்புள்ள ஐயா,

குந்துகால் பக்கம் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கியதைப் பற்றிய கட்டுரையில், தென்துருவக் கடல் குறித்து ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: ‘அங்கே உரச்சத்து கொட்டிக் கிடக்கிறது, இரும்பு மட்டும்தான் இல்லை, அதனால் நுண்பாசி பெருகுவதில்லை.’ அப்படியானால் 2009-இல் இந்தியாவும் ஜெர்மனியும் சேர்ந்து அங்கே இரும்பைக் கொட்டியும் நினைத்தது ஏன் நடக்கவில்லை? நாட்டுப்படகு வைத்திருக்கும் என் தாய்மாமாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். பழைய நங்கூரத்தின் துருவைச் சுரண்டிப் போட்டால் நம் கடலில் மீன் கூடுமா என்று கேட்கச் சொன்னார்.

ர., பாம்பன்

அன்புள்ள ர.,

அந்த ‘மட்டும்தான்’ என் அவசரம். சரியான இடத்தில் பிடித்துவிட்டீர்கள்.

இரும்புக் கதை பொய்யில்லை. தென்துருவக் கடலில் அடியிலிருந்து மேலேறும் குளிர்நீர் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் ஓயாமல் கொண்டுவருகிறது. ஆனால் அந்த நைட்ரேட்டைச் செரிப்பதற்கே நுண்பாசிக்கு இரும்பு வேண்டும். ஏறத்தாழ ஒரு லட்சம் கார்பன் அணுவுக்கு ஓர் இரும்பணு; குழம்புக்கு உப்பைவிடக் குறைவு. அந்தத் துளியும் கடல்நீரில் கரைந்து நிற்காது, துருவாகி அடியில் படிந்துவிடும். நிலத்திலிருந்து புழுதியாகவோ கரையோரச் சேறாகவோ புதிதாக வந்துகொண்டே இருக்க வேண்டும். தென்துருவக் கடலின் பெரும்பகுதிக்கு அந்த வரத்து கிடையாது. கெர்குலன் தீவை ஒட்டிய மேடு போன்ற சில இடங்களில்தான் இரும்பு மேலே வருகிறது. அங்கே கோடைதோறும் கடல் பச்சையாகிறது.

இதை நிறுவ ஏன் அத்தனை காலமானது தெரியுமா? நீரை அள்ளப் போன கப்பல்களே இரும்பு! கப்பலின் துருவும் கம்பியின் துருவும் மாதிரியில் கலந்து கணக்கைக் கெடுத்தன. அமெரிக்கரான ஜான் மார்ட்டின் துரு படாமல் நீர் அள்ளி அளந்து காட்டியது 1980-களின் இறுதியில்தான். பாசி பெருகினால் காற்றின் கரியமில வாயுவை இழுத்து, அந்தக் கார்பனைக் கடலடிக்குக் கொண்டுபோகும், பூமி குளிரும் என்பது அவர் கணக்கு. அரை டேங்கர் இரும்பு கொடுங்கள், பனியுகத்தைத் தருகிறேன் என்று வேடிக்கையாகச் சொன்னவர் அவர். 1993-இல், கடலில் இரும்பைக் கொட்டிப் பார்த்த முதல் சோதனைக்குச் சில மாதங்கள் முன்பு, காலமானார்.

இனி நான் விட்டுவிட்டவை. முதலாவது வெளிச்சம். பாக் நீரிணையின் பெரும்பகுதி 13 மீட்டருக்குள் அடங்கும் ஆழம். தென்துருவக் கடலிலோ காற்று மேல்நீரைப் பல சமயம் 100 மீட்டருக்கும் கீழே புரட்டிவிடுகிறது. பாசி பாதி நாளை இருட்டில் கழித்தால் எப்படி விளையும்? குளிர்காலத்தில் சூரியனே பெயருக்குத்தான்.

அடுத்தது, மேய்பவை. நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது இதுதான். ஒரு கடலில் எவ்வளவு பாசி இருக்கிறது என்பது வேறு, எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பது வேறு. மிகச் சிறிய பாசி ஓரிரு நாளில் இரட்டிக்கும். அதைத் தின்னும் ஒருசெல் உயிர்களும் அதே வேகத்தில் பெருகும். வரவும் செலவும் சரியாகிவிட, கையிருப்பு ஏறுவதே இல்லை. மேய்ச்சலை மிஞ்சிப் பெருகக்கூடியவை பெரும்பாலும் டயட்டம்கள் என்னும் பாசிகள். அவை கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடு போர்த்தியவை, தின்பது கடினம். ஆனால் சிலிக்கா இல்லாமல் ஓடு ஏது?

நீங்கள் கேட்ட 2009 சோதனை இங்கேதான் சறுக்கியது. அதன் பெயர் லோகாஃபெக்ஸ். கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனமும் ‘போலார்ஸ்டெர்ன்’ கப்பலில் சென்று, 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பு சல்ஃபேட்டைக் கரைத்துவிட்டன. பாசி பெருகத்தான் செய்தது. ஆனால் அந்த நீரின் சிலிக்காவை முன்பு விளைந்த டயட்டம்களே தீர்த்துவிட்டிருந்தன. வளர்ந்தவை ஓடில்லாத சின்னப் பாசிகள். அவற்றைக் கூனிக்குத் தம்பி போன்ற கோப்பிபாடுகள் மேய்ந்தன. கோப்பிபாடுகளை அவற்றைவிடப் பெரிய ஆம்பிபாடுகள் தின்றன. கடலடிக்குப் போன கார்பன் சொற்பம். தோல்வி என்று பத்திரிகைகள் எழுதின. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரும்புக்கு அடுத்த பூட்டு எது என்று காட்டிய சோதனை அது.

மாமாவுக்குப் பதில்: வேண்டாம். கரையும் சேறும் இவ்வளவு அருகிலிருக்கும் நம் கடலுக்கு இரும்புப் பஞ்சமில்லை. குந்துகாலில் கடலைப் பச்சையாக்கிய பூங்கோரைகூட வெறும் பாசியல்ல, இரையைப் பிடித்துத் தின்னும் ஓர் உயிர். தன்னுள்ளே பச்சைப் பாசியைக் குடிவைத்துக்கொண்டு பச்சையாகத் தெரிகிறது. அது மண்டினால் நீரில் பிராணவாயு குறைந்து மீன் சாகும். நங்கூரத்துக்குப் பெயின்ட் அடித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாம்பன் உப்புக்காற்றில் அதுவே பெரிய வேலை.