டிராஃபோர்ட் பார்க்: கேள்வி கேளுங்கள், பதில் தயார்

மான்செஸ்டருக்கு மேற்கே இருக்கும் டிராஃபோர்ட் பார்க் தொழிற்பேட்டை பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்.

டிரேடிங் எஸ்டேட் என்றால் என்ன? பேரைப் பார்த்தால் கடைத்தெரு மாதிரித் தெரிகிறதே?

கடைத்தெரு இல்லை. ஒரே நிறுவனம் பெரிய நிலத்தை வாங்கி, ரோடு, ரயில் பாதை, மின்சாரம், தண்ணீர் எல்லாம் கொண்டுவந்து, மனை மனையாகத் தொழிற்சாலைகளுக்கு விடும் ஏற்பாடு. இப்படித் திட்டமிட்டு அமைத்ததில் உலகிலேயே முதலாவது டிராஃபோர்ட் பார்க்தான். அதற்கு முன் அது டிராஃபோர்ட் குடும்பத்தின் மான் பூங்கா, சுமார் 1,200 ஏக்கர். 1894-ல் மான்செஸ்டர் கப்பல் கால்வாய் பக்கத்திலேயே திறந்ததும் பூங்காவின் நிம்மதி போயிற்று. 1896-ல் எர்னஸ்ட் டெரா ஹூலி என்ற முதலீட்டாளர் 3,60,000 பவுண்டுக்கு வாங்கினார். ஆனால் பேட்டையை உண்மையில் நிலைநிறுத்தியவர் மார்ஷல் ஸ்டீவன்ஸ். கால்வாய்க் கம்பெனியின் முதல் பொது மேலாளராக இருந்துவிட்டு 1897-ல் இங்கே வந்தவர். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கு அடுத்து எங்கே போகும் என்று தெரிந்த ஆள்.

பார்க்க வேண்டிய ஒரே ஒரு இடம் சொல்லுங்க அண்ணா.

பார்ட்டன் சுழல் நீர்ப்பாலம். கால்வாயின் மேல் இன்னொரு கால்வாய் போகிறது. மேலே பிரிட்ஜ்வாட்டர் கால்வாய், கீழே கப்பல் கால்வாய். கப்பல் வந்தால், மேலே இருக்கும் இரும்புத் தொட்டி தண்ணீரோடு அப்படியே 90 டிகிரி திரும்பிவிடும். அங்கே 1761-லிருந்து ஒரு கல் நீர்ப்பாலம் இருந்தது. கப்பலின் புகைபோக்கியும் பாய்மரமும் அதற்கு அடியில் நுழையாது என்பதால் இடித்துவிட்டு, எட்வர்ட் லீடர் வில்லியம்ஸ் இதை வடிவமைத்தார்.

தண்ணீரோடு எப்படித் திரும்பும்? கொட்டிவிடாதா? தண்ணீரை வடித்துவிட்டுத் திருப்பலாமே?

பாலத்தின் நீளம் சுமார் 100 மீட்டர். திரும்பும் எடை மொத்தம் 1,450 டன், அதில் தண்ணீரே சுமார் 800 டன். ஒவ்வொரு கப்பலுக்கும் 800 டன்னை வடித்து மறுபடி நிரப்பினால் நேரமும் போகும், மேல் கால்வாயின் நீர்மட்டமும் இறங்கும்.

அதனால் இப்படிச் செய்கிறார்கள். முதலில் படகுகளை நிறுத்துவார்கள். பிறகு நான்கு கதவுகள் மூடப்படும்: தொட்டியின் இரு முனைகளில் இரண்டு, இரு கரைகளிலும் கால்வாயின் வாயில் இரண்டு. கரைக்கதவுக்கும் தொட்டிக்கதவுக்கும் நடுவில் சிக்கிய கொஞ்சத் தண்ணீரை மட்டும் வெளியேற்றுவார்கள். அடுத்து, முனைகளை நீர் கசியாமல் இறுக்கிப் பிடித்திருக்கும் அடைப்பை விடுவிப்பார்கள். அதன் பிறகே கால்வாய் நடுவில் இருக்கும் தீவின் மேல், உருளைகளின் மீது பாலம் திரும்பும். பக்கத்திலேயே ரோட்டுப் பாலம் ஒன்றும் அதே மாதிரி திரும்பும். இரண்டும் தீவோடு ஒரே நேர்கோட்டில் நின்றதும் கப்பல் பக்கவாட்டில் கடந்து போகும்.

இதில் தலைவலி முனை அடைப்புதான். 100 மீட்டர் இரும்பு, 10 டிகிரி சூடு ஏறினால் சுமார் 12 மில்லிமீட்டர் நீளும். இடைவெளியை இறுக்கி வைத்தால் வெயிலில் மாட்டும், தளர்த்தி வைத்தால் கசியும்.

தொட்டிக்குள் படகு இருந்தால் எடை கூடுமே, சுழற்றும் இயந்திரம் தாங்குமா?

எடை கூடவே கூடாது, அதே அளவில்தான் இருக்கும். மிதக்கும் படகு தன் எடைக்குச் சமமான தண்ணீரை வெளியே தள்ளிவிட்டுத்தான் உள்ளே வருகிறது. தொட்டியில் ஒரு படகு நின்றாலும் சரி, ஒன்றுமே இல்லாவிட்டாலும் சரி, நீர்மட்டம் ஒன்றாக இருக்கும்வரை எடையும் ஒன்றுதான்.

ஃபோர்டு கார் இங்கே செய்தார்களா?

ஆமாம். வட அமெரிக்காவுக்கு வெளியே ஃபோர்டின் முதல் தொழிற்சாலை இதுதான், 1911. முதலில் டெட்ராய்ட்டிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டி மாடல் டி காராக்கினார்கள். 1931-ல் லண்டன் பக்கத்து டேகன்ஹாமுக்குப் போய்விட்டார்கள்.

மெர்லின் விமான எஞ்சின் ரோல்ஸ் ராய்ஸ் செய்தது. அதில் ஃபோர்டுக்கு என்ன சம்பந்தம்?

போர்க்காலத்தில் ஃபோர்டு மறுபடி இந்தப் பக்கம் வந்தது. பேட்டையை ஒட்டிய பார்ட்டன் டாக் ரோட்டில் 1941 முதல் 30,000-க்கும் மேற்பட்ட மெர்லின்கள் தயாராயின. சுவாரஸ்யம் என்னவென்றால், ரோல்ஸ் ராய்ஸின் வரைபடங்களை ஃபோர்டு அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. அதில் அனுமதித்த அளவு வித்தியாசம் அதிகம் என்றது. கைதேர்ந்த ஃபிட்டர் இருந்தால், பொருந்தாத பாகத்தை அரத்தால் ராவியோ, நாலைந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோ பொருத்திவிடுவார். புதிதாகப் பழகிய தொழிலாளர்களை வைத்துப் பெருமளவில் செய்யும்போது அது நடக்காது. எந்தப் பாகத்தை எடுத்தாலும் எந்த எஞ்சினிலும் உட்கார வேண்டும். வரைபடங்களைத் திரும்ப வரைந்து, அளவுகளை இன்னும் நெருக்கமாக்கிய பிறகே உற்பத்தி வேகம் பிடித்தது. விலை உயர்ந்த பொருள்தான் துல்லியமாக இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு இந்த விஷயத்தைச் சொல்வது என் வழக்கம்.

அதே போரில் பேட்டைக்குள் மெட்ரோபாலிட்டன் விக்கர்ஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களைக் கட்டியது. 1945-ல் பேட்டையில் வேலை பார்த்தவர்கள் சுமார் 75,000 பேர்.

அப்புறம் ஏன் படுத்துவிட்டது?

கன்டெய்னர். கால்வாயின் லாக் (கப்பலை ஏற்றி இறக்கும் கதவுள்ள நீர்த்தொட்டி) அகலம் 65 அடி, அதாவது 20 மீட்டருக்குள். பனாமா கால்வாய் அளவுக்குக் கட்டிய கப்பல் 32 மீட்டர் அகலம். உள்ளேயே நுழையாது. 1968-ல் மான்செஸ்டரிலிருந்து மான்ட்ரியலுக்குச் சிறிய கன்டெய்னர் கப்பல்களை விட்டுப் பார்த்தார்கள். கப்பல்கள் பெரிதாகிக்கொண்டே போனதால் அதுவும் நிலைக்கவில்லை, 1982-ல் துறைமுகம் மூடப்பட்டது. பெரிய கம்பெனிகள் ஒன்றோடொன்று இணைந்து ஆட்களைக் குறைத்ததும் சேர்ந்துகொண்டது. 1976-லேயே தொழிலாளர் எண்ணிக்கை 15,000. பிறகு 1987 முதல் 1998 வரை ஒரு மேம்பாட்டுக் கழகம் ரோடு போட்டு, நிலத்தைச் சுத்தம் செய்து, புதுக் கம்பெனிகளைக் கொண்டுவந்தது. இன்று அங்கே கிடங்குகளும் லாரிகளும்தான் அதிகம்.

சாப்பாட்டுப் பொருள் கம்பெனிகள்?

கெல்லாக்ஸ் 1938-ல் வந்தது. அதற்கான மக்காச்சோளம் 1974 வரை பிரிட்ஜ்வாட்டர் கால்வாயில் படகில் வந்து இறங்கியது. அந்த ஆலையை 2026-க்குள் மூடும் திட்டம் 2024-ல் அறிவிக்கப்பட்டது. மான்செஸ்டரில் பிறந்த புரூக் பாண்டின் தேயிலை ஆலையும் பேட்டைக்குள்தான்.

அரை நாள் இருக்கு. எப்படிச் சுற்றுவது?

2020-ல் திறந்த டிராஃபோர்ட் பார்க் டிராம் பாதை போதும். இம்பீரியல் வார் மியூசியம் நிறுத்தத்தில் இறங்கி, டேனியல் லிபஸ்கைண்ட் வடிவமைத்த கட்டடத்தைப் பாருங்கள். அடுத்தது வில்லேஜ் நிறுத்தம். வெஸ்டிங்ஹவுஸ் மின் இயந்திரக் கம்பெனியின் தொழிலாளர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு அங்கே இருந்தது. அமெரிக்கப் பாணியில் கட்டம் கட்டமாக, தெருவுக்கெல்லாம் எண்தான் பேர். வீடுகள் பெரும்பாலும் இடிக்கப்பட்டுவிட்டன, தேர்ட் அவென்யூவும் அந்தோணியார் கோயிலும் பழசைச் சொல்லும். கடைசி நிறுத்தமான டிராஃபோர்ட் சென்டர் ஷாப்பிங் மாலில் இறங்கி நடந்தால் பார்ட்டன். தொழிற்சாலைகளுக்குள் விடமாட்டார்கள். வார நாளில் லாரி நெரிசல் இருக்கும், நடைபாதையை விட்டு இறங்காதீர்கள்.

பாலம் திரும்புவதைப் பார்க்க முடியுமா?

பெரிய கப்பல் வந்தால்தான் திருப்புவார்கள், அந்தப் பகுதி வரை வருவது இப்போது அபூர்வம். ஆனால் படகு வாடகைக்கு எடுத்து, பாலத்தின் மேலேயே ஓட்டிப் போகலாம். தொட்டி 18 அடி அகலம். கிளம்பும் முன் அன்றைக்குக் கால்வாய் மூடல் அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எதிரே படகு வந்தால் அது வெளியேறும்வரை கரையில் நிறுத்தி வையுங்கள். தொட்டியின் நடுவில் நிற்காதீர்கள்.