அன்லிமிடெட் என்றார்களே, அப்புறம் ஏன் நிற்கிறது? – பிராட்பேண்ட் கேள்வி-பதில்

கேள்வி: அன்லிமிடெட் பிளான்தான் போட்டிருக்கிறோம். மாதக் கடைசியில் யூடியூப் சுற்றிக்கொண்டே நிற்கிறது. ஏமாற்றுகிறார்களா சார்?

பதில்: பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், நாம்தான் படிப்பதில்லை. அன்லிமிடெட் என்றால் இணைப்பு நிற்காது, அவ்வளவுதான். முழு வேகத்துக்கு வரம்பு உண்டு. எஃப்யுபி என்பார்கள், நம் ஊர் ஃபைபர் பிளான்கள் பலவற்றில் அது மாதம் 3300 ஜிபி. தாண்டினால் வேகத்தை இறக்கிவிடுவார்கள். 512 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே இறக்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016-ல் சொல்லியிருக்கிறது. அந்த வேகத்தில் ஜிபே போகும், வாட்ஸ்அப் மெசேஜ் போகும், ஆனால் ஒரு ஜிபி படம் இறங்க நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எதற்கும் முதலில் கம்பெனி ஆப்பில் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பாருங்கள். பாதிகூட ஓடவில்லை என்றால் வரம்பின் மேல் பழி போடாதீர்கள், வைஃபை ரவுட்டரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பீரோவுக்குப் பின்னால் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: நாலு பேர், ஒரு டிவி. 3300 போதுமா?

பதில்: தாராளமாக. நாளுக்கு 110 ஜிபி வருகிறது. நெட்ஃபிளிக்ஸ் 4கே-யில் மணிக்கு 7 ஜிபி வரை, எச்டியில் 3 ஜிபி வரை. தினம் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் 4கே பார்த்தால்தான் தீரும். அப்படிப் பார்த்தால் டேட்டாவுக்கு முன்னால் கண் போய்விடும்.

கேள்வி: வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், வயதானவர்கள். பில் தேதியிலிருந்து இருபதே நாளில் 3300 ஜிபியும் காலி. பக்கத்து வீட்டுக்காரர் பாஸ்வேர்டைத் திருடியிருப்பாரா?

பதில்: நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன், பாவம் அந்த மனிதர். உங்களிடம் கேட்டு வாங்கிய கம்பெனி ஆப் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தபிறகுதான் புரிந்தது: டவுன்லோட் கொஞ்சம், அப்லோட் மலை போல. மகன் ஊருக்குப் போகும்முன் மாட்டிக்கொடுத்த நாலு கேமராவும் இரவு பகலாக கிளவுடுக்கு வீடியோ அனுப்பிக்கொண்டிருக்கின்றன. ஒரு கேமரா 4 எம்பிபிஎஸ்ஸில் நிற்காமல் அனுப்பினால் நாளுக்கு 43 ஜிபி, நாலுக்கும் சேர்த்து 172. பத்தொன்பது நாளில் கணக்கு முடிந்தது. நாம் அனுப்புவதையும் வரம்பில் சேர்த்துத்தான் எண்ணுகிறார்கள், இது பலருக்குத் தெரிவதே இல்லை. கேமரா ஆப்பில் ‘அசைவு தெரிந்தால் மட்டும் பதிவு’ என்று மாற்றுங்கள், இல்லாவிட்டால் மெமரி கார்டு போட்டு அதிலேயே பதியச் சொல்லுங்கள். வாசலில் வேப்பமரம் இருந்தால் அந்தப் பக்கத்தை அசைவுக் கணக்கிலிருந்து விலக்கிவிடுங்கள், இலை ஆடுவதையெல்லாம் திருடன் என்று நினைத்துப் பதிந்துகொண்டிருக்கும்.

கேள்வி: எங்கள் தெருவில் ஃபைபர் கிடையாது. 5ஜி ஏர்ஃபைபர் வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், அது கம்பியில்லாமல் டவரிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்பு. ஆனால் அதில் வரம்பு பொதுவாக 1000 ஜிபிதான். டவரின் அலைவரிசையைத் தெருவே பங்குபோட்டுக்கொள்கிறது, அதனால் கொஞ்சம் கறாராக இருப்பார்கள். கேமரா வைத்திருந்தால் மேலே உள்ள பதிலைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: மிச்சமான ஜிபி அடுத்த மாதத்துக்கு வருமா?

பதில்: வீட்டு ஃபைபரில் பொதுவாக வராது. பில் தேதியன்று மீட்டர் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடும்.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் பிளானில் டவுன்லோட் 12 என்றுதான் காட்டுகிறது!

பதில்: சரியாகத்தான் காட்டுகிறது. பிளானில் இருப்பது மெகாபிட், உங்கள் திரையில் இருப்பது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட், எட்டால் வகுத்துப் பாருங்கள்.