வாசகர் கேள்வி: நீர்மின் உரிமம் எங்கே முடங்குகிறது?

கேள்வி: அமெரிக்காவில் ஏற்கெனவே ஓடுகிற நீர்மின் நிலையத்தின் உரிமத்தைப் புதுப்பிக்கவே பல ஆண்டுகள் ஆகிறதாமே, ஏன்? (வாசகர், மேட்டூர்)

பதில்: அங்கே உரிமம் தருவது கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம். உரிமக் காலம் அதிகபட்சம் 50 ஆண்டு. அது முடிய ஐந்து, ஐந்தரை ஆண்டு இருக்கும்போதே புதுப்பிக்கும் எண்ணத்தை நிறுவனம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். முழு விண்ணப்பம் குறைந்தது 2 ஆண்டுக்கு முன் போய்ச் சேர வேண்டும். இடைப்பட்ட காலம் ஆய்வுகளுக்கு. சால்மன் மீன் ஆற்றில் ஏறும் பருவத்தில்தான் அதைக் கணக்கெடுக்க முடியும். ஆய்வுத் திட்டத்தில் இழுபறி வந்து அந்தப் பருவம் தவறினால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதுதான்.

அடுத்த முடிச்சு அதிகாரப் பகிர்வு. மீன்வளத் துறைகள் மீன் ஏணி (மீன்கள் அணையைத் தாண்டி மேலே போக உதவும் அமைப்பு) கட்டச் சொன்னால் ஆணையம் அதை உரிமத்தில் சேர்த்தே ஆக வேண்டும். மாநில அரசின் நீர்த்தரச் சான்றும் இல்லாமல் முடியாது. அந்தச் சான்றுக்குச் சட்டம் தரும் கெடு ஓராண்டு. அதைத் தாண்ட ஒரு வழி வைத்திருந்தார்கள்: கெடு முடியும் நேரத்தில் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்று, அதையே மறுபடி கொடுத்து, ஓராண்டைப் புதிதாகத் தொடங்குவது. கிளாமத் ஆற்று அணைகளின் உரிமம் 2006-ல் முடிந்தது. நிறுவனமும் கலிபோர்னியா, ஒரிகன் மாநிலங்களும் ஒத்துப்போய் ஆண்டுதோறும் இதைச் செய்தன. ஹூபா பழங்குடியினர் வழக்குத் தொடர்ந்தார்கள். இப்படி இழுத்தடித்தால் சான்று தரும் உரிமையை மாநிலம் கைவிட்டதாகவே பொருள் என்று 2019-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடைசியில் 2024-க்குள் அங்கே நான்கு அணைகள் இடித்து அகற்றப்பட்டன.

இழுபறி நடக்கும்போது நிலையம் நிற்பதில்லை. பழைய நிபந்தனைகளோடு ஆண்டுக்கு ஆண்டு உரிமம் நீளும். அதனால் புது டர்பைனுக்குக் கடன் கிடைப்பது கடினம், மீனுக்கும் ஏணி வராது. என்னைக் கேட்டால், இதுதான் தாமதத்தின் ஆகப் பெரிய கேடு.

கேள்வி: சிறு திட்டங்களுக்காவது விதி தளர்ந்ததா? (வாசகர், கோபிசெட்டிப்பாளையம்)

பதில்: நன்றாகவே தளர்ந்தது. பாசனக் கால்வாயிலோ குடிநீர்க் குழாயிலோ டர்பைன் பொருத்துவதற்கு 2013-ம் ஆண்டுச் சட்டம் உரிமத்திலிருந்து விலக்களித்தது. வரம்பு 5 மெகாவாட். 2018-ல் அது 40 ஆனது. ஆணையத்துக்கு அறிவிப்புக் கொடுத்தால் 15 நாளில் முதல் முடிவு. பிறகு 30 நாளுக்குள் தகுதியை யாரும் மறுக்காவிட்டால் வேலையைத் தொடங்கலாம். கால்வாயின் முதன்மைப் பயன் பாசனமோ குடிநீரோ தொழிற்சாலைத் தேவையோதான் என்று தெளிவாகக் காட்டுவது முக்கியம். மின்சாரத்துக்காகவே வெட்டிய கால்வாய் இதில் வராது. 'முன் அனுமதி' வாங்கியதும் கட்டலாம் என நினைப்பதும் தவறு. அது அந்த இடத்துக்கு உரிமம் கேட்பதில் கிடைக்கும் முன்னுரிமை மட்டுமே.

கேள்வி: 2023-ல் வந்த மசோதா எதை மாற்றப் பார்த்தது? (வாசகர், ஈரோடு)

பதில்: 2023-ல் செனட்டர்கள் டெய்ன்ஸ் (குடியரசுக் கட்சி), கான்ட்வெல் (ஜனநாயகக் கட்சி) சேர்ந்து ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். மின் நிறுவனங்கள், பழங்குடியினர், ஆற்றுப் பாதுகாப்பு அமைப்புகள் மூன்று தரப்பும் பேசி எட்டிய உடன்பாடு அதன் அடிப்படை. பழங்குடி நிலத்தில் உள்ள திட்டங்களுக்கு நிபந்தனை விதிக்கும் அதிகாரத்தைப் பழங்குடி அரசுகளுக்கே தருவது அதில் முக்கியமான அம்சம். அப்போதைய காங்கிரஸின் (அமெரிக்க நாடாளுமன்றத்தின்) காலத்துக்குள் அது நிறைவேறவில்லை. கெடுவை மட்டும் சுருக்கும் மசோதாவைவிட இது மேல். ஏனென்றால், ஆய்வு முடியாமல் கெடு நெருங்கினால், நீர்த்தரச் சான்றை மறுத்துவிடுவதுதான் மாநிலத்துக்குப் பாதுகாப்பான வழி. நிறுவனம் மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.