நீளக் கோடும் வளைந்த மேற்கோளும் இருந்தால் ஏஐ எழுதியதா?

கேள்வி இது: புதுச்சேரியில் முதுகலை படிக்கும் மாணவியின் ஒப்படைப்பில் நீளக் கோடும் (—) வளைந்த மேற்கோள்குறியும் (“ ”) இருக்கின்றன. அதனால் ஏஐ எழுதியது என்று மதிப்பெண்ணை நிறுத்திவைத்திருக்கிறார்கள். சரியா?

அந்த இரண்டை மட்டும் வைத்து என்றால், சரியில்லை. விசைப்பலகையில் நீளக் கோட்டுக்கென்று ஒரு விசை கிடையாது, ஆகவே மனிதர் போட்டிருக்க முடியாது என்பதுதான் சந்தேகத்தின் வேர். ஆனால் வேர்டில் இரண்டு சொற்களுக்கு நடுவே இடம் விடாமல் இரண்டு சிறுகோடு போட்டு, அடுத்த சொல்லை முடித்து ஸ்பேஸ் தட்டினால் அது தானாக நீளக் கோடாகிவிடும். இருபுறமும் இடம் விட்டு ஒற்றைச் சிறுகோடு போட்டால் நடுத்தரக் கோடாகும். நேர் மேற்கோள் தட்டத் தட்டவே வளையும். ஐபோனிலும் இதே வேலை நடக்கிறது. ஜெனரல், கீபோர்டு என்று போனால் ‘ஸ்மார்ட் பங்க்சுவேஷன்’ இருக்கும். ஆண்ட்ராய்டு ஜிபோர்டில் சிறுகோட்டை அழுத்திப் பிடித்தால் நீளக் கோடு மேலே வரும். விண்டோஸில் ஆல்ட் விசையோடு வலப்பக்க எண்களில் 0151 அடித்துப் போடுகிறவர்கள் டிடிபிக்காரர்கள், வேறு யாரும் மெனக்கெட மாட்டார்கள்.

நோட்பேடில் தட்டி ஒட்டிய பகுதியில் இந்த மாற்றம் நடக்காது. ஒரே கோப்பில் பாதி வளைந்தும் பாதி நேராகவும் மேற்கோள் வருவதற்கு இதுதான் வழக்கமான காரணம். அதைப் பார்த்து ‘இந்தப் பகுதி மட்டும் ஏஐ’ என்று கோடு கிழிப்பது வீண்.

புதுச்சேரியில் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்: பிரெஞ்சு. அந்த மொழியில் படித்தவர்கள் வினாக்குறிக்கும் வியப்புக்குறிக்கும் முன்னால் ஓர் இடம் விடுவார்கள், உரையாடலை நீளக் கோட்டில் தொடங்குவார்கள், « » என்ற கோண மேற்கோள் போடுவார்கள். வேர்டில் மொழி பிரெஞ்சாக இருந்தால் அந்த இடத்தில் வரி உடையாத வெற்றிடத்தை அதுவே நுழைத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளைத் தேடும் கருவிகள் இதைத்தான் ‘ஏஐ விட்டுப்போன தடம்’ என்று சிவப்பில் காட்டும். ‘ரிக்‌ஷா’ என்பதில் க்-உம் ஷா-வும் கூட்டெழுத்தாக ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவே அகலமில்லாத ஒரு பிரிப்பான் வைக்கிறோமே, அதையும் விடாது.

வாக்கியத்தின் முதல் சொல்லை அடுத்துக் கால்புள்ளி வந்தால் ஏஐ என்பதும் அப்படித்தான். ‘எனவே,’ ‘ஆகையால்,’ என்று தொடங்கினால் கால்புள்ளி போட வேண்டும் என்பது பள்ளித் தமிழ்ப் பாடத்தில் இருக்கிற விதி. விதியைப் பின்பற்றியவர் மீதே பழி விழுகிறது. (ஓலைச்சுவடியில் இந்தக் குறிகள் எதுவும் கிடையாது. அச்சோடு வந்து சேர்ந்த பழக்கங்கள்தாம் எல்லாமே.)

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்பு என்றால் கோளாறு வேறு தினுசு. அதில் கால்புள்ளி விசையில் ‘இ’ இருக்கிறது, அரைப்புள்ளி விசையில் மெய்யெழுத்தின் புள்ளி இருக்கிறது. ஆங்கில எழுத்துருவில் போட்ட கால்புள்ளியையும் சேர்த்து மாற்றினால் வாக்கிய நடுவில் தனியாக ஒரு ‘இ’ நிற்கும். இப்படிப்பட்ட பிழை இருந்தால் அது மனிதர் கைபட்ட கோப்பு என்பதற்கே சாட்சி.

கண்டறியும் மென்பொருளை நம்பலாமா என்றால், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ 2023 ஜனவரியில் தானே ஒன்றை வெளியிட்டது. ஏஐ எழுதியவற்றில் 26 சதவீதத்தை மட்டுமே சரியாகப் பிடித்தது, மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தை ஏஐ என்றது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதுவும் ஆங்கிலத்தை முதன்மையாகக் கொண்டு செய்த கருவி.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழில் இருபுறமும் இடம் விட்ட சிறுகோடுதான் பெருவழக்கு. பத்திக்கு இரண்டு நீளக் கோடு சொல்லோடு ஒட்டி வந்தால் ஆசிரியர் புருவத்தை உயர்த்துவது நியாயமே. அப்போது அவர் பார்க்க வேண்டியது துணைநூல் பட்டியலை: அந்த நூல் உண்டா, சொன்ன பக்கத்தில் அந்தச் செய்தி உண்டா? மாணவியை உட்காரவைத்து ஐந்து நிமிடம் கேட்டாலே போதும், எழுதியவர் யாரென்று தெரிந்துவிடும்.

மாணவி செய்ய வேண்டியது: கூகுள் டாக்ஸ் என்றால் ஃபைல் மெனுவில் ‘வெர்ஷன் ஹிஸ்டரி’யைத் திறந்து, கட்டுரை நாள்தோறும் வளர்ந்ததைக் காட்டுங்கள். வேர்டு கோப்பு ஒன்டிரைவில் இருந்தால் அங்கேயும் பழைய பதிப்புகள் கிடைக்கும். வேறெங்கோ தட்டி மொத்தமாக ஒட்டியிருந்தால் வரலாறு ஒரே பதிவாகத்தான் தெரியும், அது உங்களுக்கு எதிராகவே போகும். ஆகவே கைக்குறிப்பு, ஃபோன் நோட்ஸ், தட்டச்சருக்கு அனுப்பிய படங்கள் எதையும் அழிக்காதீர்கள். அடுத்த முறை கோடு வேண்டாமென்றால் வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் என்று போய் ‘ஆட்டோஃபார்மேட் ஆஸ் யூ டைப்’ தாவலில் மேற்கோள், சிறுகோடு இரண்டின் டிக்கையும் எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே மாறியவை அப்படியே இருக்கும். அவற்றை ‘ரீப்ளேஸ்’ போட்டுத்தான் மாற்ற வேண்டும். சர்ச்சையில் இருக்கும் கோப்பில் மட்டும் இப்போது கை வைக்க வேண்டாம்.