பூட்டுப் போட்ட நிரூபணம்

அன்புள்ள சார்,

வணக்கம். கோவையில் மோட்டார் கன்ட்ரோலர் தயாரிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் நான்கு வருடமாக சி மொழியில் நிரல் எழுதுகிறேன். சென்ற மாதம், நிரல் சரி என்று கணிதமாக நிரூபிக்கும் ‘ஃபார்மல் மெத்தட்ஸ்’ துறையின் பிரெஞ்சு விஞ்ஞானி ஸாவியே லெருவா பற்றி நீங்கள் எழுதியதில், “ஃபார்மல் மெத்தட்ஸும் கட்டற்ற மென்பொருளும் ஒரே மனிதருக்குள் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன” என்று ஒரு வரி வந்தது. படித்த அன்றைக்கே, சி நிரலை இயந்திரத்துக்கு மொழிபெயர்க்கும் அவருடைய காம்ப்செர்ட் கம்பைலரை இறக்கினேன். லைசென்ஸ் கோப்பைத் திறந்தால் ஆய்வு, கல்வி மாதிரியான வணிகமல்லாத உபயோகத்துக்கு மட்டும்தான் அனுமதி. தொழிலுக்கு வேண்டுமென்றால் ஜெர்மனியில் ஒரு நிறுவனத்திடம் வாங்க வேண்டும். இதை எந்தக் கணக்கில் கட்டற்ற மென்பொருள் பக்கம் சேர்த்தீர்கள்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். அரசாங்கச் சம்பளத்தில் ஒரே பொருளை வருடக்கணக்காகச் செதுக்க அவருக்கு வாய்த்தது. எனக்கு வெள்ளிக்கிழமை ரிலீஸ். “டெஸ்ட் பாஸ் ஆச்சுல்ல, அனுப்பு” என்பார் மேனேஜர். என்னைப் போன்றவர்களுக்கு இந்தத் துறையில் என்ன இருக்கிறது?

பி.கு: அவர் பெயரை நீங்கள் எழுதுகிற மாதிரிதான் சொல்வார்களா? ஆபீஸில் எல்லோரும் சேவியர் லீராய் என்கிறார்கள்.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

அந்த வரி தப்பு. ஓசை நன்றாக இருந்ததால் எழுதிவிட்டேன். லைசென்ஸ் கோப்பைத் திறந்து பார்த்த முதல் வாசகர் நீங்கள்தான். காம்ப்செர்ட்டின் மூலநிரல் எல்லோருக்கும் தெரியும்படி கிடக்கிறது, படிக்கலாம், ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தும் உரிமை இல்லாதவரை அது கட்டற்ற மென்பொருள் ஆகாது. சில கோப்புகளை மட்டும் கட்டற்ற உரிமத்திலும் தந்திருக்கிறார்கள். மொத்தக் கம்பைலர் அப்படி இல்லை.

ஆனாலும் அந்த வரி எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு லெருவா முதலில் அறிமுகமானது நிரூபணக்காரராக இல்லை. 2000-ஐ ஒட்டிய வருடங்களில் லினக்ஸில் த்ரெட் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழை) வைத்து நிரல் எழுதிய எல்லோரும், தெரிந்தோ தெரியாமலோ, அவர் கையால் எழுதிய லினக்ஸ்த்ரெட்ஸ் நூலகத்தின் மேல்தான் உட்கார்ந்திருந்தோம். 1996-ல் எழுதியது. ஒவ்வொரு த்ரெட்டையும் கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, தனி புராசஸாகவே பார்த்தது. ஓடும் புராசஸ்களைக் காட்டும் பி-எஸ் கட்டளை அடித்தால் ஒரே நிரல் பத்து வரியாக வந்து நிற்கும். புராசஸின் எண் என்ன என்று ‘கெட்-பிட்’ வைத்துக் கேட்டால் த்ரெட்டுக்கு ஒரு பதில் வரும். பயனருக்கென்று விட்டிருந்த இரண்டு சிக்னல்களையும் நூலகமே எடுத்துக்கொண்டது. யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்குப் பொதுவான போசிக்ஸ் விதிப்படி இதெல்லாம் பிழைதான். ஆனால் கெர்னல் அன்றைக்குக் கொடுத்த வசதியில் அதற்கு மேல் செய்ய வழியில்லை, அது இல்லையென்றால் எங்களுக்கு வேறு கதியும் இல்லை. 2003 வாக்கில் என்-பி-டி-எல் என்ற புது த்ரெட் நூலகம் வந்து அதை ஓய்வு பெற வைத்தது. பிற்பாடு கம்பைலரையே கணிதமாக நிரூபித்த மனிதர், இப்படி முட்டுக்கொடுத்து நிறுத்திய கூரை ஒன்றையும் ஊருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அந்த முரண் எனக்குப் பிடித்துவிட்டது.

அதற்கு முன்பே காம்ல் லைட். அப்போது காம்ல் என்ற நிரல் மொழி பெரிய மெமரி உள்ள பணக்கார மெஷின்களில்தான் ஓடும். இருபத்திரண்டு இருபத்திமூன்று வயதில், 1990-91-ல், லெருவா அதைச் சின்ன பைட்கோட் (இடைநிலைக் குறியீடு) இயந்திரமாக மறுபடி எழுதினார். மெமரி நிர்வாகத்தை தமியேன் தொலிழே பார்த்துக்கொண்டார். சாதாரண பி.சி.யில் ஓடியது. பிரான்சில் பொறியியல் நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக அதில் நிரல் கற்றார்கள். 1996-ல் அது ஆப்ஜெக்டிவ் காம்ல் ஆகி, இப்போது ஓகேமல். லெருவா வேலை பார்த்த இன்ரியா என்கிற பிரெஞ்சு அரசு ஆய்வு நிறுவனத்துக்கு லைசென்ஸ் விஷயத்தில் எப்போதும் கொஞ்சம் கை இறுக்கம் உண்டு. 2016 வரைக்கும் ஓகேமல் கம்பைலர் க்யூ-பி-எல் என்ற உரிமத்தில்தான் இருந்தது. நீங்கள் திருத்தினால், திருத்தத்தைத் தனிப் பேட்ச்சாகத்தான் (மாற்றிய வரிகள் மட்டும் உள்ள கோப்பு) பகிர வேண்டும். பிறகுதான் இன்னும் தளர்வான எல்-ஜி-பி-எல் உரிமம் வந்தது.

இனி காம்ப்செர்ட். ஒரு சொந்தக் கதையோடு வருகிறேன், நீங்களும் எம்பெடட் ஆள், கருவிக்குள் ஓடும் நிரல் எழுதுகிறவர் என்பதால்.

பல வருடம் முன்பு ஒரு எடைமேடைக் கன்ட்ரோலருக்கு நிரல் எழுதினேன். மேசையில் வைத்துப் பார்த்தால் சரியாக ஓடும். நிரலை வேகமாக்கும் ஆப்டிமைசேஷன் போட்டு பில்ட் செய்தால் சில நேரம் அப்படியே உறைந்துவிடும். பதினோரு நாள் என் நிரலையே சந்தேகப்பட்டேன். கடைசியில், கம்பைலர் தந்த இயந்திரக் கட்டளைகளான அசெம்பிளியை வரி வரியாகப் படித்தபோது, வன்பொருள் ரெஜிஸ்டரை ஒவ்வொரு சுற்றிலும் படிக்கச் சொல்லி வாலடைல் போட்டிருந்த இடத்தில், கம்பைலர் ஒரே ஒரு முறை படித்துவிட்டு அந்த மதிப்பையே வைத்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தது தெரிந்தது. கம்பைலர் விற்றவரிடம் கேட்டால், “அந்த ஆப்ஷனைப் போடாதீங்க சார்” என்றார். அவ்வளவுதான் தீர்வு. என் கம்பைலர் மட்டும் கெட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2008-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் இரண்டு பேர், தாங்கள் சோதித்த கம்பைலர் ஒவ்வொன்றுமே வாலடைலை எங்கோ ஓரிடத்தில் தப்பாக மொழிபெயர்க்கிறது என்று காட்டினார்கள்.

விமானத்துக்கு நிரல் எழுதுகிறவர்களும் அந்தக் கம்பைலர் விற்றவர் சொன்னதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். ஆப்டிமைசேஷனை அணைத்துவிட்டு, சி வரிக்கு நேராக அசெம்பிளி வரி இருக்கிறதா என்று பார்ப்பது. லெருவா 2000-களின் நடுவில் இதில் கை வைத்தார். சி-யிலிருந்து அசெம்பிளிக்குப் போகும் பாதையைப் பல சிறிய படிகளாக உடைத்து, ஒவ்வொரு படியும் நிரலின் நடத்தையை மாற்றுவதில்லை என்பதற்கு கொக் என்ற நிரூபணம் சரிபார்க்கும் கருவியில் நிரூபணம் எழுதுவது. 2009-ல் அவர் கொடுத்த கணக்கு: 42,000 வரி, மூன்று ஆள்-வருட உழைப்பு. அதில் முக்கால் பங்கு நிரூபணம். கம்பைலர் என்று நாம் சொல்லும் பகுதி கொஞ்சம்தான்.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது ஒரு சோம்பேறித்தனம். எந்த மாறியை எந்த ரெஜிஸ்டரில் (சிபியூவுக்குள் இருக்கும் சின்னச் சேமிப்பிடம்) வைப்பது என்பது கம்பைலரில் சிக்கலான வேலை. வரைபடத்துக்கு வண்ணம் தீட்டும் கணக்கு அது. அந்த நிரலை நிரூபிக்க உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. லெருவா அதை நிரூபிக்கவே இல்லை. சாதாரண ஓகேமலில் எழுதி ஓடவிட்டார். வந்த விடையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களுக்கு ஒரே வண்ணம் விழுந்திருக்கிறதா என்று பார்க்கும் சின்னச் சோதகனை மட்டும் நிரூபித்தார். தப்பு என்றால் கம்பைலர் நின்றுவிடும், தப்பான நிரலைத் தராது. கணக்குப் போடுகிறவன் குடிகாரனாகவே இருக்கட்டும், விடைத்தாள் திருத்துகிறவர் நிதானமாக இருந்தால் போதும்.

2011-ல் அதே யூட்டா குழு சி-ஸ்மித் என்ற கருவியால் தாறுமாறான சி நிரல்களைத் தயாரித்துப் பதினொரு கம்பைலர்களுக்கு ஊட்டியது. மூன்று வருடத்தில் 325-க்கும் மேல் வழுக்கள். ஜிசிசி, எல்எல்விஎம் மாதிரி பெரிய கம்பைலர்கள் எதுவும் தப்பவில்லை. காம்ப்செர்ட்டிலும் கிடைத்தன. ஆனால் நிரூபிக்காமல் விட்டிருந்த ஓரங்களில் மட்டும். நிரூபித்த நடுப்பகுதியைச் சுமார் ஆறு சிபியூ-வருடம் (ஒரு சிபியூ ஆறு வருடம் ஓடும் அளவு) குடைந்தும் தப்பான மொழிபெயர்ப்பு ஒன்று கூட அகப்படவில்லை. மறு வருடமே நிரலின் இலக்கணத்தைப் பாகுபடுத்தும் பகுதிக்கும் நிரூபணம் வந்தது. எங்கே ஓட்டை என்று சொன்னீர்களோ அங்கே அடைத்தாயிற்று என்பது போல.

இப்போது உங்கள் லைசென்ஸ் கேள்விக்கு வருகிறேன். இன்ரியா தரப்பு நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. இப்படிப்பட்ட கம்பைலரை வாங்குகிறவர்கள் கொஞ்சம் பேர், எல்லோரும் வசதியானவர்கள். ஜெர்மனியின் எம்-டி-யு என்ற இன்ஜின் நிறுவனம் அணு உலைகளின் அவசர ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக்கு இதைப் பயன்படுத்தியது. அவர்களுக்கு நிரலோடு கூடச் சான்றிதழ்க் காகிதங்கள் கத்தை கத்தையாக வேண்டும், யாராவது பொறுப்பேற்க வேண்டும். அதை ஒரு நிறுவனம் காசு வாங்கிக்கொண்டு செய்வது இயல்பு. ஆனால் அதற்காகப் பூட்ட வேண்டியதில்லை என்பதற்கு எஸ்-ஈ-எல்-ஃபோர் சாட்சி. ஆஸ்திரேலியாவில் 2009-ல் நிரூபிக்கப்பட்ட கெர்னல் அது. 2014 ஜூலையில் நிரலையும் நிரூபணத்தையும் சேர்த்தே திறந்துவிட்டார்கள். கெர்னல் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் இருக்கிறது.

நான் நினைக்கும் குறை இதைவிட ஆழமானது. நிரூபணம் என்பது எங்கோ ஓரிடத்தில் தரையைத் தொட வேண்டும். காம்ப்செர்ட்டின் நிரூபணத்தைச் சரிபார்ப்பது கொக். கொக் எழுதப்பட்டது ஓகேமலில். காம்ப்செர்ட்டும் கொக்கிலிருந்து ஓகேமலாகப் பிரித்தெடுக்கப்பட்டுத்தான் ஓடுகிறது. ஓகேமலை மொழிபெயர்ப்பது எது? பழைய ஓகேமலின் பைனரி, அதாவது ஏற்கனவே இயந்திர வடிவில் உள்ள கம்பைலர். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன் தன் டூரிங் விருது உரையில், 1984-ல் அச்சானது, காட்டியது இந்த இடத்தைத்தான். மூலநிரலில் ஒரு தடயமும் இல்லாமல் கம்பைலரின் பைனரிக்குள் கள்ளக் கதவை ஒளித்து வைக்கலாம், அது ஒவ்வொரு முறையும் தன்னைத் தானே அடுத்த பைனரிக்குக் கடத்திக்கொள்ளும். அங்கே கொக்கின் தேற்றங்கள் எதுவும் எட்டாது.

அந்தக் கடைசிப் படியை யார் பார்த்தார்கள் தெரியுமா? 2022-ல் வெளியான ஒரு வேலையில் மூன்று பேர், அந்தப் பழைய பைனரியைத் தொடாமலே, வேறொரு மொழியிலிருந்து தொடங்கிப் படிப்படியாக ஓகேமல் 4.07-ஐக் கட்டியெழுப்பினார்கள். வந்த பைனரி பழையதோடு பிட்டுக்குப் பிட்டு ஒத்துப்போனது. கள்ளக் கதவு இல்லை. இதற்கு அவர்கள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. ஓகேமல் கட்டற்ற மென்பொருள். நிரூபணத்தின் கை எட்டாத இடத்தில் தாங்கிப் பிடித்தது அந்த உரிமம்தான். அப்படியென்றால் ‘யாரும் எதற்காகவும் பிரித்துப் பார்க்கலாம்’ என்பது நம்பிக்கைச் சங்கிலியில் ஒரு கண்ணி. கொடையாளியின் தாராளத்தில் அதைச் சேர்க்க முடியாது. காம்ப்செர்ட் தன் தலைமாட்டில் அந்தக் கண்ணியைக் கழற்றி வைத்திருக்கிறது. சென்ற மாதம் இதை நான் எழுதியிருக்க வேண்டும்.

உங்கள் வேலை விஷயம். காம்ப்செர்ட் உங்களுக்கு முதலில் தேவைப்படுவதே இல்லை. அதன் தேற்றத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது: சி மொழி ‘வரையறுக்கப்படாதது’ என்று கைவிட்ட எதையும் உங்கள் நிரல் செய்யக்கூடாது. அர்ரேயின் எல்லை தாண்டினீர்கள் என்றால் அது தரும் உத்தரவாதம் பூஜ்யம். ஆகவே முதலில் உங்கள் சி நிரல். அதற்கு, சி நிரலை அலசிச் சரிபார்க்கும் ஃப்ராமா-சி என்ற கருவி இருக்கிறது. பிரான்சின் அணுசக்தி ஆய்வு அமைப்பான சிஈஏ-வும் இன்ரியாவும் செய்தது, எல்-ஜி-பி-எல் உரிமம், கோவையில் யாரும் தொழிலுக்கே பயன்படுத்தலாம். அதுவும் ஓகேமலில் எழுதியதுதான். உங்கள் கன்ட்ரோலரில் பி-ஐ-டி (மோட்டாரைக் கட்டுப்படுத்தும் சூத்திரம்) கணக்குப் போடும் ஒரே ஒரு ஃபங்ஷனை எடுங்கள். உள்ளே வரும் எண்கள் எந்த எல்லைக்குள் இருக்கும் என்று அதன் தலையில் கமென்ட்டாக எழுதுங்கள். எண் அதற்குரிய இடத்தைத் தாண்டி ஓவர்ஃப்ளோ ஆகவே ஆகாது என்று கருவியைக் கொண்டு நிரூபிக்கப் பாருங்கள். என் அனுபவத்தில் முதல் முயற்சியில் நிரூபணம் நிற்காது. ஏன் நிற்கவில்லை என்று தேடும்போதுதான் சென்சார் கழன்றால் என்ன எண் வரும் என்று யாரும் யோசிக்கவில்லை என்பது தெரியவரும். மேனேஜரிடம் ‘நிரூபணம்’ என்ற வார்த்தையையே எடுக்காதீர்கள். அந்த சென்சார் கதையை மட்டும் சொல்லுங்கள்.

மேலே படிக்க ஆசை இருந்தால் பாரிஸ் போக வேண்டியதில்லை. சிறுசேரியில் சென்னை கணிதவியல் கழகமும் தரமணியில் கணித அறிவியல் நிறுவனமும் இருக்கின்றன. ஆட்டோமேட்டா, தர்க்கம், சரிபார்ப்பு இவற்றில் பல வருடத் தொடர்ச்சி உள்ள இடங்கள். இதை முழுநேரத் தொழிலாகச் செய்பவர்கள் நம் ஊரில் கொஞ்சம் பேர்தான் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. உங்களுக்கு இப்போதைக்கு நல்லது, வேலையை விடாமல் வெள்ளிக்கிழமை ரிலீஸுக்கு நடுவே இதைச் செய்வது என்று நினைக்கிறேன்.

பின்குறிப்புக்கு: எழுத்து சேவியர்தான். பிரெஞ்சுக்காரர் வாயில் அது ‘க்ஸாவியே’ மாதிரி ஒலிக்கும். லெருவா என்றால் அரசர். கொக் என்றால் சேவல், நம் ஊர்க் கொக்கு அல்ல. அந்தப் பெயரும் இப்போது இல்லை, ஆங்கிலம் பேசுகிறவர்கள் கேட்டுச் சிரிக்கிறார்கள் என்று 2025-ல் ‘ராக்’ ஆக்கிவிட்டார்கள். இணையத்தில் தேடும்போது பழைய பெயரையும் போட்டுத் தேடுங்கள், பாதிப் பாடங்கள் அதில்தான் கிடக்கின்றன.

அன்புடன்.